பூனையுமன்று, கீரியுமன்று: மடகாஸ்கரின் ஃபூசா பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்றவுடன் மன்னரும் போரும் உடன்படிக்கைகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. விலங்குகளுக்கும் வரலாறுண்டு என்பதை விலங்கியலார் அறிவர். வரலாற்று மாணவர் அதிகம் சிந்திப்பதில்லை. ஒரு விலங்கை மனிதர் எவ்வாறு கண்டனர், எப்பெயரிட்டு அழைத்தனர், எந்தக் குலத்துடன் சேர்த்தெண்ணினர் என்பவற்றை ஆராயப் புகின், அவ்விலங்கைப் பற்றி அறிவதிலும் பார்க்க அம்மனிதரைப் பற்றியே மிகுதியாக அறியக் கிடைக்கும். மடகாஸ்கர் தீவுக்கேயுரிய ஃபூசா என்னும் ஊனுண்ணி இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அதன் வரலாற்றின் ஒரு கிளை தமிழருடைய எழுத்துலகினுள்ளும் நுழைந்திருப்பதால் அது நமது கவனத்திற்கு உரியதாகின்றது.

1833ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியற் கழகத்தின் முன் புதியதொரு விலங்கு பற்றிய விவரணம் வைக்கப்பட்டது. மாதிரியை அனுப்பியவர் மொரீசியஸ் தீவில் வாழ்ந்த சாள்ஸ் ரெல்ஃபெயர். அதனை ஆராய்ந்து விவரித்தவர் கழகத்தைச் சேர்ந்த எட்வேட் ரேணர் பெனற். அவர் இட்ட விஞ்ஞானப் பெயர் கிரிப்டோப்ரொக்டா ஃபெரொக்ஸ் என்பது. முற்பகுதி கிரேக்கம், விலங்கின் குதம் ஒரு சுரப்பிப்பையினுள் மறைந்திருப்பதைக் குறிப்பது. பிற்பகுதி இலத்தீன், கொடியது எனப் பொருள்படுவது. ஒரு விலங்கு உலகப் புகழ் பெறுதற்கு இதனிலும் மேலான பெயர் கிடைத்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றும். எனினும் அன்றைய விலங்கியலாரின் கண் எங்கே சென்றது என்பதை இப்பெயர் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகின்றது. அவர்கள் முன்னிருந்தது உயிரற்ற உடல். அவ்வுடலின் எந்த உறுப்பு ஏனையவற்றினின்றும் வேறுபடுகின்றது என்பதே அவர்களது வினா. பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் இது எவ்வினத்தது என்னும் வினாவிற்கு உறுதியான விடை கிடைப்பதற்கு மேலும் 170 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

விடை இத்துணைக் காலம் பிந்தியதற்கு விலங்கின் உருவமே முதற் காரணம். வளர்ந்த ஃபூசாவின் உடல் 70 முதல் 80 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. ஏறத்தாழ உடலளவு நீண்ட வாலும் அதற்குண்டு. எடை பெண் விலங்கில் 5½ கிலோகிராம் தொடக்கம் ஆணில் 8½ கிலோகிராம் வரை காணப்படும். செம்மண்ணிறக் குறுமயிர், உருண்ட தலை, குறுகிய முகம், ஓரளவு உள்ளிழுக்கத்தக்க நகங்கள் என்பன பூனையை நினைவூட்டுவன. ஆனால் செவிகள் வட்டமானவை. நடையோ பாதத்தைப் பெரும்பாலும் நிலத்தில் ஊன்றி நடக்கும் கரடியின் நடையை ஒத்தது. கணுக்கால்கள் பெரிதும் திரும்பும் இயல்பின. அதனால் அணிலைப் போலத் தலைகீழாக மரத்தினின்றும் இறங்கவும் கிளைவிட்டுக் கிளை தாவவும் அதனால் இயலும். பகலிலும் வேட்டையாடும்; இரவிலும் வேட்டையாடும். பல காடுகளில் அதன் உணவில் பாதிக்கு மேற்பட்டது இலெமூர் எனப்படும் மரவாழ் விலங்குகளேயாகும். தீவின் மேற்கிலுள்ள கிரிண்டிக் காட்டில் ஆண் ஃபூசாக்கள் மூன்று ஒன்றுகூடி ஓர் இலெமூரை மரத்துக்கு மரம் விரட்டிப் பிடித்த காட்சியை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். தனித்து வாழ்வது என்று நெடுங்காலம் கருதப்பட்ட விலங்கு இது.

இனப்பெருக்க முறை அதனினும் வியப்பானது. பெண் விலங்கு ஆண்டுதோறும் பயன்படும் குறித்த ஒரு மரத்தின் உயர்ந்த கிளையில் அமர்ந்துகொள்ள, ஆண்கள் பல கீழே கூடி ஒலியெழுப்பிப் போட்டியிடும். அது பல நாள் அங்கிருந்து, தனக்கு உகந்தவற்றுடன் கூடி, பின்னர் இறங்கிச் செல்ல, மற்றொரு பெண் அதே மரத்தில் ஏறும். சுயம்வரம் என்று சொல்ல நா எழுகின்றது. ஆனால் இங்கு மாலை பெறுபவர் ஒருவரல்லர். இவையெல்லாம் அண்மைக்காலத்தில் உயிருள்ள விலங்கைப் பின்தொடர்ந்து காட்டில் அலைந்தவர்கள் கண்டவை. நூதனசாலையில் எலும்பை அளந்தவர்களுக்கு இவை தெரிந்திருக்க நியாயமில்லை.

விஞ்ஞானப் பெயர் பிற்காலத்தது. தீவு மக்கள் அதனை அழைத்து வந்த பெயர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. மலகாசி மொழியில் எழுத்தில் வரும் ஒகரம் உகரமாகவே ஒலிக்கப்படுவதால் அப்பெயர் ‘ஃபூசா’ எனச் செவியில் விழும். அம்மொழி ஆபிரிக்காவுக்கு உரியதன்று. அது ஒஸ்றோனேசிய மொழிக் குடும்பத்தது. போர்ணியோத் தீவின் தென்கிழக்கில் வழங்கும் மாஅன்யன் மொழிக்கு நெருங்கிய உறவினது என்பதை நோர்வே நாட்டு அறிஞர் ஒட்டோ டால் 1951இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். இந்து சமுத்திரத்தைக் கடந்து வந்த அக்குடியேறிகள் கொணர்ந்தவற்றுள் சொற்களும் அடங்கும். போர்ணியோவின் இபான் மொழியில் பூனையைக் குறிக்கும் ‘போசா’ என்ற சொல்லும் ஃபூசாவும் தொடர்புடையனவாகலாம் என்பர் சிலர். மலாய் மொழியில் மரநாயை ஒத்த சிறு ஊனுண்ணி ஒன்றைக் குறிக்கும் ‘பூசா’ என்ற சொல்லே மூலம் என்பர் வேறு சிலர்.

தமிழறிந்தார் இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்பர். பூனைக்குப் பூசை என்ற பெயர் நம்மிடம் உண்டு. வெருகு என்னும் காட்டுப்பூனையைப் பூசை என வழங்குதலைத் தொல்காப்பிய மரபியல் எடுத்துரைக்கின்றது. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூசையைக் கம்பர் தம் அவையடக்கத்தில் நிறுத்தியிருப்பதும் யாவரும் அறிந்ததே. மலையாளத்தில் இன்றும் பூனை ‘பூச்ச’ எனவே வழங்குகின்றது. இத்தகைய ஒலியொற்றுமையைக் கண்ட மாத்திரத்தே மடகாஸ்கர் வரை தமிழ் பரவியிருந்தது என முழங்கப் புறப்படுவோர் நம்மிடையே இல்லாமலில்லை. பூனையை அழைக்கும் ஒலிகள் உலகின் பல மொழிகளில் ஒன்றையொன்று ஒத்திருப்பன. வணிகக் கப்பல்களுடன் பூனையும் அதன் பெயரும் துறைமுகம் தோறும் இறங்கியிருத்தலும் கூடும். ஒலிமாற்ற விதிகளும் பிற சொற்களின் சான்றும் துணை நில்லாதவிடத்து ஒரு சொல்லைக் கொண்டு வரலாறு எழுதுதல் மணலில் எழுதுதலேயாகும். ஒன்று மட்டும் கருதத்தக்கது. மடகாஸ்கருக்குப் பூனை தானாக வந்து சேர்ந்ததில்லை; மனிதரே கொண்டுவந்தனர். அத்தீவின் காடுகளில் இன்று திரியும் பூனைகள் அராபியக் கடல் வணிகப் பாதைகளின் வழியே வந்தவற்றின் வழித்தோன்றல்கள் என 2020இல் வெளியான பரம்பரை அலகு ஆய்வு காட்டிற்று. ஆகவே போர்ணியோவிலிருந்து வந்தவர்கள் அறிமுகமற்ற ஒரு விலங்கை முதன்முதற் கண்டபோது, தாம் முன்னறிந்த விலங்கொன்றின் பெயரையே அதற்குச் சூட்டினர் எனின் அது பொருத்தமுடையதாகவே தோன்றுகின்றது.

ஐரோப்பியர் செய்ததும் அதுவே. மடகாஸ்கரின் தென்கிழக்குக் கரையிலிருந்த டோபின் கோட்டையில் 1648 முதல் 1655 வரை பிரெஞ்சு ஆளுநராக இருந்த எற்றியன் டி ஃபிளகூர், 1658இல் அத்தீவின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அந்நூலின் விலங்குப் பட்டியலில் ஃபூசா என்ற பெயர் இடம்பெறுகின்றது. அத்துடன் அந்தம்பா என்றொரு விலங்கும் கூறப்படுகின்றது. பெருநாயளவினது, உருண்ட தலையுடையது, சிறுத்தையை ஒத்தது, மனிதரையும் கன்றுகளையும் கொல்வது, மனித நடமாட்டமற்ற மலைகளிற் காணப்படுவது என்பவை அதைப் பற்றி அவர் தரும் செய்திகள். தாம் கண்டதாக அவர் கூறவில்லை. தீவு மக்கள் சொல்லக் கேட்டதாகவே கூறுகின்றார். இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

18ஆம் நூற்றாண்டிற் பிரான்சின் பெரும் இயற்கையியலாளர் பஃபன் மடகாஸ்கரிலிருந்து கிடைத்த ஓர் ஊனுண்ணியை ‘ஃபொசான்’ என்ற பெயரில் விவரித்தார். அவர் விவரித்ததோ புள்ளிகள் கொண்ட சிறிய வேறொரு விலங்கு. அதற்கு 1776இல் இலத்தீன் பெயர் அமைந்தது. 1865இல் ஃபொசா என்றே ஒரு சாதிப்பெயரும் அதற்கு வழங்கப்பட்டது. விளைவு யாதெனில், விஞ்ஞானத்தில் ஃபொசா எனப்படுவது மக்கள் வழக்கில் ஃபூசா எனப்படுவதன்று. மக்கள் ஃபூசா என்பதற்கு விஞ்ஞானம் அப்பெயரை வழங்கவில்லை. நிலத்துக்குரியவர்களை உசாவாது பெயர்ப்பதிவு செய்யும்போது நேரும் குழப்பம் காணிப் பதிவேடுகளில் மட்டும் நிகழ்வதன்று போலும்.

பெனற்றுக்குப் பின் வந்தவர்கள் விலங்கின் குலத்தை ஆராயத் தலைப்பட்டனர். 1867இல் பிரெஞ்சு அறிஞர்களாகிய அல்போன்ஸ் மில்ன்-எட்வேட்சும் அல்பிரட் கிராண்டிடியேயும் அதன் உடலமைப்பை விரிவாக ஆராய்ந்து, பூனைக் குடும்பத்தோடு சேர்க்கத்தக்கது என்றனர். பல்லும் நகமும் அவர்களுக்குச் சான்றாயின. வேறு சிலர் புனுகுப்பூனைக் குடும்பத்திற் சேர்த்தனர். 1916இல் பொக்கொக் என்ற ஆங்கிலேயர் அதன் புற உறுப்புகளை ஒப்புநோக்கிக் கீரியினத்துடன் காணப்படும் ஒற்றுமைகளைச் சுட்டினார். 1945இல் அமெரிக்கரான ஜோர்ஜ் கெய்லோட் சிம்சன் முலையூட்டிகள் அனைத்தையும் வகைப்படுத்தி எழுதிய பெருநூலில் அது மறுபடி புனுகுப்பூனைக் குடும்பத்தினுள் வந்தது. பூனை, புனுகு, கீரி என மூன்று வீடுகளின் வாயிலிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது நின்றது. இவ்வறிஞர்களை இன்று எள்ளி நகையாடுதல் எளிது, ஆனால் முறையன்று. ஒவ்வொருவரும் தம் முன்னிருந்த சான்றை நேர்மையாகவே எடைபோட்டனர். உருவ ஒற்றுமை உறவையே குறிக்கும் என்ற எடுகோளே அவர்களைத் திசைமாற்றியது. ஒத்த வாழ்வு ஒத்த உருவைத் தரும் என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். எந்த ஒற்றுமை குருதிவழி வந்தது, எது வாழ்வுவழி வந்தது எனப் பிரித்தறியும் கருவிதான் அவர்களிடம் இருக்கவில்லை.

இவ்விடத்தில், விலங்கு எக்குலத்தது என்ற வினாவோடு அது தீவுக்கு எவ்வழி வந்தது என்ற வினாவும் பிணைந்து நிற்கின்றது. தமிழருக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு தோன்றுவது இந்த இரண்டாம் வினாவிலேதான்.

1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கில விலங்கியலாளர் மடகாஸ்கரின் முலையூட்டிகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இலெமூர்கள் மடகாஸ்கரில் நிறைந்துள்ளன. அவற்றின் உறவினங்கள் ஆபிரிக்காவிலும், இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளன. நமது தேவாங்கு அவ்வுறவினங்களுள் ஒன்று. கடல் இடைப்பட்ட நிலங்களில் உறவுடைய விலங்குகள் வாழ்வதற்குக் காரணம் என்ன? முன்னொரு காலத்தில் அவற்றை இணைத்திருந்த கண்டம் ஒன்று மூழ்கியிருத்தல் வேண்டும் என்று கருதிய ஸ்கிளேற்றர் அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். கண்டங்கள் நகரும் என்பதை எவரும் ஏற்காத அக்காலத்தில் அது நியாயமான ஊகமே. ஜேர்மனிய அறிஞர் எக்கல் அதனை மனித குலத்தின் தொட்டில் எனவும் கற்பனை செய்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது தமிழ்நாட்டு அறிஞரிடையே வந்து சேர்ந்தது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகக் கூறும் சிலப்பதிகாரச் செய்தியும், கடல்கோள்களாற் சங்கங்கள் அழிந்தமை பற்றிய இறையனார் களவியல் உரையின் செய்தியும் இலெமூரியாவோடு இணைக்கப்பட்டன. கா. அப்பாத்துரையாரின் குமரிக்கண்டம் பற்றிய நூலும் தேவநேயப் பாவாணரின் எழுத்துக்களும் இக்கருத்தைத் தமிழ் வாசகர் நெஞ்சில் ஆழப் பதித்தன. மேனாட்டு விஞ்ஞானமே ஒப்பிய உண்மை எனப் பள்ளி மாணவனும் அதனைச் சொல்லும் நிலை உருவாயிற்று.

மேனாட்டு விஞ்ஞானம் அதன் பின் யாது கூறிற்று என்பதை நம்மவர் அத்துணை ஆவலோடு கேட்கவில்லை. 1912இல் அல்பிரட் வெகனர் கண்ட நகர்வுக் கருத்தை முன்வைத்தார். 1960களிற் கடற்றள ஆய்வுகள் அதனைப் புதிய அடிப்படையில் உறுதிப்படுத்தின. மடகாஸ்கரும் இந்தியாவும் இலங்கையும் ஒருகாலத்தில் ஒரே பெருநிலத்தின் பகுதிகளாய் இருந்தமை மெய்யே. ஆனால் நிலம் மூழ்கவில்லை, பிரிந்து நகர்ந்தது. ஆபிரிக்காவிலிருந்து மடகாஸ்கர் பிரியத் தொடங்கியது ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தியா மடகாஸ்கரை விட்டகன்றது ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். அக்காலத்தில் மனிதனுமில்லை, இலெமூருமில்லை, ஃபூசாவுமில்லை. பிரிந்தபின் பிறந்த விலங்குகள் தரைவழியாக வந்திருத்தல் எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடையளித்தவர்களுள் முன்னே குறிப்பிட்ட சிம்சனும் ஒருவர். 1940இல் அவர் எழுதிய கட்டுரையொன்றில் மடகாஸ்கருக்கு விலங்குகள் சென்றமையை அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கு ஒப்பிட்டார். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் மரத்திரளின் மேல் அகப்பட்ட சில விலங்குகள், ஒடுங்கிய இடத்திலும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் அகன்ற மொசாம்பிக் நீரிணையைக் கடந்து கரைசேர்தல் அரிதினும் அரிது. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒருசில முறை பரிசு விழலாம். தரைவழி திறந்திருப்பின் ஆபிரிக்காவின் யானையும் மானும் சிங்கமும் வந்திருக்கவேண்டும். வந்தவையோ மிகச் சில. இன்று வாழும் பறக்காத நாட்டு முலையூட்டிகள் யாவும் இலெமூர்கள், தென்றெக்குகள், தீவுக்குரிய எலியினங்கள், ஊனுண்ணிகள் என்னும் நான்கு கூட்டங்களுள் அடங்கிவிடுகின்றன. பண்டை நாளில் நீரோட்டம் ஆபிரிக்காவிலிருந்து தீவை நோக்கிச் சென்றது என்றும் பிற்காலத்தில் அது திசைமாறியது என்றும் 2010இல் வெளியான ஆய்வொன்று கணித்துக் காட்டிற்று. இலங்கையின் நிலை முற்றிலும் வேறு. கடல் தாழ்ந்த காலங்களில் இத்தீவு இந்தியாவுடன் இணைந்திருந்தது. நமது சிறுத்தையின் முன்னோர் நடந்தே வந்திருக்கலாம்.

2003இல் ஆன் யோடரும் அவருடன் பணியாற்றியோரும் மடகாஸ்கர் ஊனுண்ணிகளின் டி.என்.ஏ.யை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இரு வினாக்களுக்கும் ஒருங்கே விடை தந்தது. ஃபூசாவும், பஃபன் விவரித்த புள்ளி விலங்கும், கீரிபோலத் தோன்றும் தீவின் ஏனைய சிறு ஊனுண்ணிகளும் ஆகிய ஏறத்தாழப் பத்து இனங்களும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள். அம்மூதாதை ஆபிரிக்காவிலிருந்து ஒரு தடவை மட்டும் வந்து சேர்ந்தது. காலம் 2 கோடியே 40 இலட்சத்துக்கும் 1 கோடியே 80 இலட்சத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன். அதன் மிக நெருங்கிய உறவினம் கீரிக் குடும்பம். ஆகவே ஃபூசா பூனையாகாது, அது கீரியுமாகாது. பூனையே சென்றடையாத ஒரு தீவில், கீரியின் உறவினம் ஒன்று பூனையின் தொழிலை ஏற்றுப் பூனையின் உருவையும் பெற்ற கூர்ப்பின் கதை அது. மூன்று வீடுகளின் வாயிலில் நின்ற விலங்குக்கு இறுதியில் தனி வீடே அமைந்தது.

பழந்தமிழ் நூல்கள் கூறும் கடல்கோள் பற்றிய செய்திகள் இதனாற் பொய்த்துவிட்டன எனக் கொள்ளுதல் தவறு. அவற்றைத் தென்னிந்தியக் கரையோரத்தின் புவிச்சரிதவியலும் தொல்லியலும் கொண்டு தனித்து ஆராய்தல் வேண்டும். அவற்றுக்கு இலெமூரின் சாட்சியம் தேவையில்லை. அச்சாட்சியம் செல்லவும் மாட்டாது. 1864இன் விலங்கியலைச் சான்றாக ஏற்பதும் 2003இன் விலங்கியலைச் செவிமடாதிருப்பதும் ஆராய்ச்சியாளனுக்கு அழகல்ல.

இனி, ஃபிளகூர் கேட்டெழுதிய அந்தம்பா. 1902இல் கிராண்டிடியேயின் மகனாகிய கியோம் கிராண்டிடியே, மடகாஸ்கரிற் கிடைத்த எலும்புகளைக் கொண்டு அழிந்துபோன பெரிய ஃபூசா ஒன்றை விவரித்தார். அதன் எடை இன்றைய ஃபூசாவினும் ஏறத்தாழ இருமடங்கு எனப் பிற்காலத்தார் மதிப்பிட்டனர். தீவில் முன்பு வாழ்ந்த பேருருவ இலெமூர்களை அது வேட்டையாடியிருக்கலாம். பதினைந்துக்கு மேற்பட்ட அவ்விலெமூர் இனங்களும், யானைப்பறவையும், குள்ள நீர்யானையும் மனிதர் குடியேறிய பின்னரே மறைந்தன. பெரிய ஃபூசாவும் அவற்றோடு போயிற்று. ஃபிளகூருக்கு மலைநாட்டு விலங்கைப் பற்றிக் கூறியவர்கள் அதன் நினைவையே கூறினரோ என ஆய்வாளர் சிலர் வினவியுள்ளனர். இன்றும் கிராமத்தவர் சிவப்பு ஃபூசா, கறுப்பு ஃபூசா என இரண்டைப் பிரித்துப் பேசுவர். கறுப்பு பெரியது என்பர். விலங்கியலார் உயிருடன் காண்பது ஒன்றையே. கர்ணபரம்பரைச் செய்தியை முற்றாக நம்புவதற்கும் முற்றாகத் தள்ளுவதற்கும் இடையில் வரலாற்று மாணவன் நிற்கவேண்டிய இடம் இதுவே எனலாம்.

மலகாசி மக்கள் ஃபூசாவை அஞ்சினர். உறங்குவோரை நக்கி மயக்கும் என்றும், காட்டிற் தனித்துச் செல்லும் குழந்தையைக் கவரும் என்றும் கதைகள் வழங்கின. காட்டில் அடக்கம் செய்யப்பட்ட முன்னோரின் உடலை அது உண்டது என்ற நம்பிக்கையும் சிலரிடம் இருந்தது. அதனால் அதன் ஊனை உண்ணுதல் பல இடங்களில் ‘ஃபாடி’, அதாவது விலக்கு. விலங்குக்கு இவ்விலக்கு ஒருவகைக் காவலாயிற்று. எனினும் கோழிக்கூட்டைத் தேடி வரும் ஃபூசாவை அது காப்பாற்றவில்லை; வறிய குடும்பத்திற்கு ஐந்து கோழிகளின் இழப்பு சிறிய இழப்பன்று. 1953க்கும் 2014க்கும் இடையில் தீவின் இயற்கைக் காட்டில் ஏறத்தாழ 44 வீதம் அழிந்தது. காடு சுருங்கியபோது ஃபூசா வேலியோரம் வந்தது. வேறிடங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறியோருக்கு அவ்வூரின் ஃபாடி பொருட்டாகவில்லை. கிழக்குக் காடுகளில் ஃபூசாவின் ஊன் உண்ணப்படுவதை 2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய ஆய்வுகள் பதிந்துள்ளன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் 2008 தொடக்கம் அது அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாக உள்ளது. அதன் குட்டிகள் தாயை விட்டகல ஓராண்டும், இனம்பெருக்கும் பருவத்தை அடைய மூன்று நான்கு ஆண்டுகளும் செல்லும்.